தாஜ்மகாலும் பாட்டியின் முகமும்

ஆக்ராவுக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் பலவற்றின் கைப்பேசியில் ஒரே வகையான படம் இருக்கும். வெண்பளிங்கு மாளிகை முழுமையாகத் தெரியும். அதன் முன்னே நிற்கும் பாட்டியோ கடுகளவாய்த் தெரிவார். மாளிகையை எப்போது வேண்டுமானாலும் படமெடுக்கலாம். பாட்டியுடன் சென்ற அந்த நாள் மீண்டும் வாராது. ஆகவே, விலையுயர்ந்த கருவியைவிட, சட்டத்திற்குள் எதனை எங்கே வைப்பது என்னும் தெளிவே நமக்கு முதலில் தேவை. தாஜ்மகாலையே பாடமாகக் கொண்டு அதன் அடிப்படைகளைக் காண்போம்.

மூன்றில் ஒரு பங்கு

நெடுக்கில் இரு கோடுகள், குறுக்கில் இரு கோடுகள் எனச் சட்டத்தை ஒன்பது சம கட்டங்களாகப் பகுத்துக்கொள்வோம். பெரும்பாலான கைப்பேசிகளில் இக்கோடுகளைத் திரையில் தோன்றச் செய்யும் வசதி உண்டு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளுள் ஒன்றில் முக்கியப் பொருளை வைத்தால், பார்வை இயல்பாக அங்கே சென்று தங்கும். 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஓவியர் நிலக்காட்சி ஓவியத்திற்காக எழுதிய இவ்விதி, பின்னர் புகைப்படக் கலைக்கும் வந்து சேர்ந்தது.

சமச்சீரும் கோடுகளும்

விதிக்கு விலக்கும் உண்டு. தாஜ்மகால் இருபுறமும் ஒத்த வடிவுடையது. எனவே கட்டடத்தை மட்டும் எடுக்கும்போது, நீர்வாய்க்காலின் நேர்நடுவில் நின்று, குவிமாடத்தைச் சட்டத்தின் நடுவிலேயே வைப்பது பொருந்தும். ஓரடி விலகி நின்றாலும் அச்சமநிலை குலையும். வாய்க்காலின் கரைகளும் மரவரிசைகளும் நம் கண்ணைக் கைப்பிடித்து மாளிகைக்கு அழைத்துச் செல்லும் கோடுகளாகின்றன. தெற்கிலுள்ள பெருவாயிலின் நிழலில் நின்று நோக்கினால், அதன் வளைவே இயற்கையான சட்டமாக அமையும்; அப்போது திரையில் ஒளிமிக்க மாளிகையைத் தொட்டு ஒளியளவைச் சரிசெய்தல் வேண்டும்.

மனிதர் முன்னே வரட்டும்

இனிப் பாட்டியிடம் வருவோம். அவரை மாளிகையின் அருகே அனுப்பாமல், நம்மிடமிருந்து நான்கைந்து அடித் தொலைவில் நிற்கச் செய்வோம். மாளிகை தொலைவிலேயே இருக்கட்டும். அப்போதும் அது முழுமையாகத் தெரியும். அவருடைய கண்கள் மேற்கோட்டின் இடப்புள்ளியில் அமைய, குவிமாடம் வலப்புறம் விலகி நிற்கட்டும். அவர் நோக்கும் திசையில் சிறிது வெற்றிடம் விடுவோம். தலையிலிருந்து மினார் முளைத்ததுபோல் தோன்றினால் ஓரடி நகர்வோம். அவர் அமர்ந்திருந்தால், நாமும் அவர் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து எடுப்போம். நண்பகல் வெயிலில் முகத்தில் கருநிழல் விழும். காலையின் மென்வெயிலே முகத்திற்கும் பளிங்கிற்கும் உகந்தது. வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர்க்கு அனுமதியில்லை என்பதையும் நினைவிற்கொள்வோம்.

பொத்தானை அழுத்துமுன் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் வலம்வருவோம். தேவையற்றது எதுவும் உள்ளே வந்திருந்தால் விலக்குவோம். இப்பழக்கத்தைப் பயணம் வரும்வரை ஒத்திவைக்க வேண்டியதில்லை. இன்றே வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடமிருந்து தொடங்கலாம்.