முப்பது மார்க்கும் ஒரு அரியரும்



பத்தாம் வகுப்புக் கணக்கில் 87 வாங்கியவன் நான். அதே நான் இங்கே முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தேன். எப்படி என்று யோசித்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எஸ்.எஸ்.எல்.சி., மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டங்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு ஒரே தாள், 100 மார்க். மெட்ரிக்கில் இரண்டு தாள், 200 மார்க். 2010-11இல் 1, 6ஆம் வகுப்புகளில் தொடங்கிய சமச்சீர் கல்வி, உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2011-12இல் பத்தாம் வகுப்புக்கும் வந்தது. எல்லோருக்கும் ஒரே தாள் ஆனது. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பருவத் தேர்வுக்கு 60, செயல்பாடு, சிறுதேர்வுகளுக்கு 40. 2019-20இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய புத்தகம்.

நான் 2023இல் எழுதிய தாளில் ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. அந்த எட்டு மார்க் இரண்டும் வடிவியல் வரைதலும் வரைபடமும். எங்கள் வகுப்பில் சொல்லித் தந்த கணக்கு இது: "ஒரு மார்க்கை மனப்பாடம் பண்ணு, 14. படம் ரெண்டும் போட்டுப் பழகு, 16. முப்பது கையில. இன்னும் மூணு ரெண்டு மார்க் போட்டா 36, பாஸ்!" வாத்தியாரைக் குறை சொல்லவில்லை. தேர்ச்சி சதவீதத்துக்கு அவர்தானே பதில் சொல்லணும்? 87 வாங்கிய நானும் அதே வழிதான். புத்தகக் கணக்குகளை எண்ணோடு சேர்த்து நெட்டுருப் போட்டேன்.

இங்கே வந்ததும் கூட்டுக் கோணம். மாதத் தேர்வில் sin(A+B) = sin A + sin B என்று தைரியமாக எழுதினேன். சார் திட்டவில்லை. "A 30 டிகிரி, B 60 டிகிரி போட்டுப் பாருப்பா" என்றார்.

இடப்பக்கம் sin 90°, அதாவது 1. வலப்பக்கம் 0.5 + 0.866 = 1.366. "சைன் ஒன்றைத் தாண்டுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. செங்கோண முக்கோணத்தில் கர்ணம்தான் பெரிய பக்கம்; எதிர்ப்பக்கத்தை அதால் வகுத்தால் எப்படி ஒன்றைத் தாண்டும்? பத்தாம் வகுப்பில் படித்ததுதான். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை!

சரியான சூத்திரம் sin A cos B + cos A sin B. அதே கோணங்களைப் போடுங்கள்: 0.25 + 0.75 = 1. பொருந்துகிறதா?

அன்றிலிருந்து எந்தச் சூத்திரத்தைப் படித்தாலும் தெரிந்த எண் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன். புத்தகக் கணக்கை எண் மாற்றிப் போடுகிறேன். அடுத்த தேர்விலேயே அரியர் போச்சு.

தாள் 200 ஆனது, 100 ஆனது, கிரேடு ஆனது. நாளைக்கு இன்னொன்றும் வரலாம். நாம் கேட்காத "ஏன்" மட்டும் எந்த முறையிலும் அரியராகவே நிற்கும். முதலாண்டுத் தம்பி தங்கைகளே, கணக்கில் தடுமாறினால் சாயங்காலம் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வாங்க. சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.