கையில் இல்லாத விபரத்தை யாரும் கேட்க முடியாது

2020 இல் கொவிட் பரவிய காலத்தில் எனது கடை வாசலிலும் ஒரு கொப்பி வைத்திருந்தோம். வருபவர்கள் பெயர், தொலைபேசி இலக்கம், நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். ஒருநாள் நீண்டகால வாடிக்கையாளரான ஒரு சகோதரி பேனையை எடுத்துவிட்டு, "நானா, இதை வேறு யாரும் பார்ப்பாங்களா?" என்று கேட்டார். அவருக்கு முன் எழுதியவர்களின் இலக்கங்கள் எல்லாம் அவர் கண்முன்னே திறந்து கிடந்தன. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதே கேள்விக்கு ஜேர்மனியில் இரண்டு விதமாக விடை தேடினார்கள். வியாபாரிகளாகிய நாம் இரண்டையும் அறிந்து வைப்பது நல்லது.

முதலாவது, 2020 ஜூன் 16 இல் அரசு வெளியிட்ட 'கொரோனா வார்ன்' செயலி. கையடக்கத் தொலைபேசி, அடிக்கடி மாறும் ஓர் இரகசிய இலக்கத்தை புளூடூத் வழியாக அனுப்பும். அருகிலுள்ள தொலைபேசி அதைக் குறித்துக்கொள்ளும். பெயரும் இல்லை, இடமும் இல்லை. ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அவர் விரும்பினால் தனது இலக்கங்களை மட்டும் வெளியிடுவார். மற்றத் தொலைபேசிகள் தம்மிடமுள்ள குறிப்புகளோடு அவற்றை ஒப்பிட்டு, உரியவரை எச்சரிக்கும். 14 நாட்களில் குறிப்புகள் அழிந்துவிடும். யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியல் எந்த அலுவலகத்திலும் இராது. ஒரு குறையும் உண்டு. எச்சரிக்கப்பட்டவரை அதிகாரிகள் தேடிச்செல்ல முடியாது. அவராகவே பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, 'லூக்கா' என்ற தனியார் செயலி. உணவகங்களுக்கு வந்தோரின் பெயரும் இலக்கமும் பூட்டிய வடிவில் மத்திய கணினியில் சேர்ந்தன. 13 மாநிலங்கள் இதை வாங்கின. 2021 நவம்பரில் மைன்ஸ் நகர உணவகமொன்றிலிருந்து வெளியேறிய ஒருவர் விழுந்து, பின்னர் இறந்தார். சாட்சி தேடிய பொலிஸார், சுகாதார அலுவலகத்தின் மூலம் 21 பேரின் விபரங்களைப் பெற்றனர். தொற்றுத் தடுப்புக்கன்றி வேறெதற்கும் அவற்றைப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கவில்லை. 2022 ஜனவரியில் விடயம் வெளியானது.

பூட்டும் இருந்தது, சட்டமும் இருந்தது. ஆனாலும் விபரம் ஓரிடத்தில் குவிந்திருந்தது; அதனால் கை நீண்டது.

நான் கொப்பியை எடுத்துவிட்டேன். ஆளுக்கொரு துண்டுச் சீட்டும், மூடிய பெட்டியும் வைத்தேன். 14 நாள் கடந்த சீட்டுகளை எரித்தேன். இன்று விலைக்கழிவு அட்டைக்காகவும், வட்ஸ்அப் விளம்பரத்துக்காகவும் இலக்கம் வாங்குகிறோம். வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இது அவசியமா? யார் பார்ப்பார்? எப்போது அழிப்போம்? வாடிக்கையாளரின் விபரமும் நம்மிடம் தந்த அமானிதமே.