ஓடாத நாளுக்கும் தவணை உண்டு

"வாடகை பவுஸருக்குக் காத்திருப்பதைவிடச் சொந்தமாக ஒன்றை எடுத்தால் என்ன?" பதுளைப் பக்கத்து எண்ணெய் ஷெட்காரர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறி திரும்பும்போது சீனியோ சீமெந்தோ கொண்டு வரும். பவுஸருக்கு அந்த வசதி கிடையாது. நிறைந்து வரும், வெறுமையாகப் போகும். எவ்வளவு திறமையாக நடத்தினாலும் பாதித் தூரம் வெற்று ஓட்டமே.

எனவே மாதத்தில் எத்தனை நடை என்பதே பிரதானம். உதாரணமாக 13,200 லீற்றர் பவுஸரை எடுத்துக்கொள்வோம். கொலன்னாவை சென்று பதுளை திரும்ப 460 கிலோமீற்றர் அளவில் வரும். மலைப்பாதை, ஏற்றுமிடத்து வரிசை எல்லாம் சேர்த்து இரு நாளுக்கு ஒரு நடை என்றால், 26 நாளில் 13 நடை, 1,71,600 லீற்றர். இதே வாகனம் ஹப்புத்தளைக் களஞ்சியத்தில் ஏற்றினால் நாளுக்கு இரு நடை போகலாம். 52 நடை, 6,86,400 லீற்றர். வாகனம் ஒன்றுதான், வேலையோ நான்கு மடங்கு. மலைநாட்டு ரயில் பாதையை ஒட்டிக் களஞ்சியங்கள் அமைந்ததன் அருமை இதில் விளங்கும்.

2022 இல் டொலர் இல்லாமல் எண்ணெய் வரவில்லை. பவுஸர்கள் சும்மா நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மண் சரிந்து மலைநாட்டு ரயில் பாதையும் வீதிகளும் துண்டிக்கப்பட்டன. இப்படியான காலத்தில் சுற்றுப் பாதையில் ஒரு நடைக்குச் செல்லும் நேரம் கூடும். வாகனங்களின் எண்ணிக்கை குறையாமலே பவுஸர் தட்டுப்பாடு வருவது இப்படித்தான்.

இனி உங்கள் ஷெட்டுக்கு வருவோம். பசறை, லுணுகலைத் தோட்டப் பாதையில் நாளொன்றுக்கு 3,000 லீற்றர் விற்கிறது என்று வையுங்கள். நாலரை நாளுக்கு ஒரு நடை போதும். மாதத்தில் ஏழு நடைகூட இல்லை. மீதி நாட்களில் வாகனம் நிற்கும், சாரதியின் சம்பளம் நிற்காது. லீசிங்கோ இஜாராவோ, தவணையும் அப்படித்தான். தனியாக எடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒரே பாதையில் இருக்கும் மூவர் முஷாரகா அடிப்படையில், எழுத்து மூலம் உடன்படிக்கை செய்து எடுத்தால் 20 நடை தேறும். யாருக்கு எந்த நாள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், சச்சரவு அங்கேதான் ஆரம்பிக்கும்.

நிலத்தடித் தாங்கியையும் பாருங்கள். அதில் இடமில்லாவிட்டால் பவுஸர் இறக்க முடியாமல் உங்கள் வாசலிலேயே நிற்கும், அடுத்த பங்காளியின் நடையும் பிந்தும்.