கம்மல் போடும் இடம் மட்டும் ஏன் சிவக்கவில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52. அடையாறில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எட்டு மாதங்களுக்கு முன் வலது காது மடல் சிவந்து வீங்கி, தொட்டாலே துடித்தார். மூக்குக்கண்ணாடி மாட்ட முடியவில்லை, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பத்து நாளில் அடங்கியது. பிறகு இரண்டு காதும் மாறி மாறிச் சிவந்தன. ஒவ்வொரு முறையும் அதே மாத்திரைதான். கடைசியில் தி.நகரில் ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சந்தேகப்பட்டு மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பினார். அவர் இது ‘ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ்’ என்று சொல்லி, கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டும் கூடவே டாப்சோனும் எழுதினார். மருந்துக்கடையில், “வீட்டுல யாருக்கும்மா தொழுநோய்?” என்று கேட்டுவிட்டார்கள். அம்மா அந்த மாத்திரையைத் தொடவே இல்லை. இப்போது மூக்குத் தண்டு வலிக்கிறது, கண் சிவக்கிறது. டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார். தேடிப் பார்த்தால் அது புற்றுநோய் மருந்து என்று வருகிறது! அம்மா ஸ்டீராய்டை மட்டும் போட்டு, காது சரியானதும் நிறுத்திவிட்டார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்காமலே இந்த நோய்தான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அம்மாவின் குரலும் இரண்டு வாரமாகக் கரகரக்கிறது. பாடம் நடத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்கிறார்.

*— ஒரு வாசகி, மயிலாப்பூர்*

பதில்: கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்த நோய் உள்ளவருக்குக் குரல் கரகரத்தால், அதைத் தொண்டைக்கட்டு என்று விட்டுவிடக் கூடாது. குரல்வளையும் மூச்சுக்குழாயும் குருத்தெலும்பால் ஆனவை. காதில் வந்த அதே அழற்சி அங்கேயும் வரலாம். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலி, மாடி ஏறினால் மூச்சிரைப்பு, மூச்சை இழுக்கும்போது ‘உய்ங்’ என்ற சத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆவி பிடித்துப் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இனி, நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். அடுத்த முறை அம்மாவின் காது சிவக்கும்போது உற்றுப் பாருங்கள். மடல் முழுக்கச் சிவந்திருக்கும். ஆனால் கம்மல் போடும் அடிப்பகுதி மட்டும் சாதாரணமாக இருக்கும். காரணம் எளிது: காதில் குருத்தெலும்பு இல்லாத இடம் அது ஒன்றுதான். கிருமித்தொற்று இந்த எல்லைக்கோடு பார்ப்பதில்லை, அது தோலோடு பரவும். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். இரண்டு காதும் முறை வைத்துச் சிவந்து, காது மடலின் கீழ்நுனியை மட்டும் விட்டுவைத்தால், அது உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் தன் குருத்தெலும்பையே தாக்குவதன் அடையாளம். ஆன்டிபயாடிக்கால் அடங்கியதாக உங்களுக்குத் தோன்றியது உண்மையில் நோய் தானாகத் தணிந்தது. வந்து, போய், மறுபடி வருவது இதன் குணம். பெயரில் உள்ள ‘ரிலாப்சிங்’ என்ற சொல்லுக்கே பொருள் அதுதான்.

இதை உறுதி செய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை அழற்சி இருப்பதைக் காட்டும், எந்த நோய் என்று சொல்லாது. சிலருக்கு அவையும் இயல்பாகவே இருக்கும். அதனால் 1976-இல் மெக்காடம் குழுவினர் ஆறு அடையாளங்களைத் தொகுத்தார்கள்: இரண்டு காது மடலிலும் அழற்சி, மூக்குக் குருத்தெலும்பில் அழற்சி, கண் அழற்சி, மூட்டை அரிக்காத மூட்டுவாதம், குரல்வளை அல்லது மூச்சுக்குழாய் பாதிப்பு, காது கேளாமை அல்லது தலைச்சுற்றல். இவற்றில் மூன்று இருந்தால் நோய் இதுதான் என்று கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்குக் காது, மூக்கு, கண் என மூன்றும் வந்துவிட்டன. இந்த நிலையில் காதை வெட்டிச் சதை எடுத்தால் புதிதாகத் தெரியவருவது குறைவு, மடலின் வடிவம் கெடும் வாய்ப்பு அதிகம். எடுக்காமல் விட்டது சரியே.

ஆனால் இதே தோற்றத்தில் வரும் மற்ற நோய்களை விலக்கியாக வேண்டும். மூக்குத் தண்டு அமுங்கிப்போவது ஆன்கா வகை ரத்தக்குழாய் அழற்சியிலும், சிபிலிசிலும், தொழுநோயிலும் உண்டு. உங்கள் அம்மாவின் அச்சத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. தொழுநோய் காதுக்கு வரும்போது பெரும்பாலும் கீழ்நுனியைத்தான் தடிக்கவைக்கும். சோதனைக்காகத் தோலைக் கீறி எடுப்பதும் அந்த இடத்தில்தான். அம்மாவுக்கு அந்த இடம் ஒன்றுதான் சுத்தமாக இருக்கும்.

அப்படியானால் தொழுநோய் மாத்திரை எதற்கு? அதற்கு உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் செங்கல்பட்டு வரை போய்வர வேண்டும். அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் 1940-களில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர், விலை கூடிய சல்போன் மருந்துகளுக்குப் பதிலாக அவற்றின் மூலப்பொருளான டாப்சோனையே கடலை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார். தொழுநோய்க்கு மலிவான மருந்து ஒன்று உலகத்துக்குக் கிடைத்ததில் அந்த மருத்துவமனைக்கும் பங்கு உண்டு. டாப்சோனுக்கு இரண்டு வேலைகள் தெரியும். ஒன்று, கிருமியைத் தடுப்பது. மற்றொன்று, அழற்சி நடக்கும் இடத்தில் வெள்ளை அணுக்கள் உண்டாக்கும் சேதத்தைக் குறைப்பது. காதோடு நிற்கும் குருத்தெலும்பு அழற்சிக்கு அதைத் தருவது இந்த இரண்டாவது வேலைக்காக. தொடங்கும் முன் ஜி-6-பி-டி என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த நொதி குறைவாக உள்ளவருக்கு டாப்சோன் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

மெத்தோட்ரெக்சேட் கதையும் இதே போலத்தான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் பலர் இருப்பார்கள். அங்கே தருவது பெரிய அளவு. மூட்டுவாத நோய்களுக்குத் தருவது சிறிய அளவு, அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினசரி மாத்திரை என்று நினைத்துப் போட்டு உயிருக்கு ஆபத்தானவர்கள் உண்டு. ‘ஞாயிறு’ என்றோ ‘வியாழன்’ என்றோ கிழமையைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் இருக்கிறதா, கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்றும் கேளுங்கள்.

ஸ்டீராய்டை அம்மா இஷ்டப்படி நிறுத்தியதுதான் எனக்குக் கவலை. தீயை உடனே அணைக்க அதைவிட வேகமான மருந்து இல்லை. காது, மூக்குக்கு மிதமான அளவு போதும். மூச்சுக்குழாய் என்றால் மருத்துவமனையில் சேர்த்து ஊசியாகப் பெரிய அளவில் தருவார்கள். வாரக்கணக்கில் போட்டதைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும். அட்ரினல் சுரப்பியும் தன் வேலைக்குத் தயாராகியிருக்காது. மயக்கமும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம். ஸ்டீராய்டின் அளவைப் படிப்படியாகக் குறைக்க உதவுவதற்காகத்தான் மெத்தோட்ரெக்சேட் தரப்படுகிறது. அதை ஒதுக்கிவிட்டு ஸ்டீராய்டை மட்டும் விட்டுவிட்டுப் போட்டால், சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரை ஆகிய கெடுதல்கள் சேரும், நன்மை நிலைக்காது. இவற்றுக்கு அடங்காத நோய்க்கு அசாத்தியோப்ரின், மைக்கோஃபெனோலேட் மாத்திரைகளும், டி.என்.எஃப். தடுப்பு ஊசி, டோசிலிசுமாப் போன்றவையும் இருக்கின்றன. நம் ஊரில் அந்த ஊசிக்கு முன் மறைந்திருக்கும் காசநோயைச் சோதிப்பது கட்டாயம்.

இப்போது போகும்போது இவற்றைக் கேளுங்கள்: மூச்சை இழுத்த நிலையிலும் வெளியே விட்ட நிலையிலும் எடுக்கும் சி.டி. ஸ்கேன் (மூச்சு விடும்போதுதான் பலவீனமான குழாய் மடங்குவது தெரியும்), நுரையீரல் செயல்திறன் சோதனை, செவித்திறன் சோதனை, கண் பரிசோதனை, இதய எக்கோ. இதய வால்வையும் இந்த நோய் சிலருக்குத் தொடும். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருந்தால், அனுபவமுள்ளவர்கள் எல்லா ஏற்பாட்டோடும் செய்ய வேண்டும். அழற்சியில் இருக்கும் மூச்சுப்பாதை சீண்டினால் இன்னும் வீங்கும். செலவு தடையாக இருந்தால், சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் பூங்கா நகர் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

உங்கள் உறவில் இதே அறிகுறிகளோடு 50 வயது கடந்த ஆண் யாராவது இருந்தால், காய்ச்சலும் ரத்தசோகையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது ‘வெக்சாஸ்’ என்ற வேறு நோயாக இருக்கலாம். பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையில் நேரும் மரபணு மாற்றத்தால் வருவது அது. 2020-இல்தான் அடையாளம் காணப்பட்டது.

கடைசியாக, எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறேன். மிக அரிய நோய் இது. அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்குப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று அல்லது நான்கு பேருக்குத்தான் வந்தது. 1986-இல் வெளியான ஆய்வில், நோய் கண்டறிந்த பத்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 55 சதவீதம். 1998-இல் வந்த மற்றொரு ஆய்வில் எட்டு ஆண்டுக்குப் பின் 94 சதவீதம். அதே 1998 ஆய்வில், நோய்க்குப் பெயர் தெரியவே சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்கள் அம்மாவுக்கு எட்டே மாதத்தில் தெரிந்துவிட்டது. அந்தத் தி.நகர் மருத்துவர் சம்பாதித்துக் கொடுத்த இந்தக் காலத்தை, மருந்துக்கடையில் கேட்ட ஒரு கேள்விக்காக இழக்க வேண்டாம். அம்மாவைக் கண்ணாடி முன் நிறுத்தி, கம்மல் போட்டிருக்கும் இடத்தைக் காட்டுங்கள். தொழுநோய் இல்லை என்பதை அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு குரலுக்காக மருத்துவரிடம் கிளம்புங்கள்.