இயந்திரம் கற்கும் காலத்தில் நாம் கற்க வேண்டியது



"நன்றாகப் படி, படித்தவனுக்கு வேலை போகாது" என்று நம் பெற்றோர் கூறுவதை நாள்தோறும் கேட்கின்றோம். இந்நகருக்கு வந்த காலத்தில் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் இரவு பகலாக உழைத்தோரின் அனுபவத்தில் விளைந்த சொல் அது. அச்சொல் இன்றும் பொருந்துமா? கனடாப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் இரு ஆய்வுகளைக் கொண்டு ஆராய்வோம்.

முதலாவது ஆய்வு 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. 2016ஆம் ஆண்டின் நிலவரப்படி, கனடாவின் தொழிலாளருள் 10.6 சதவீதத்தினரின் வேலை, தன்னியக்க இயந்திரங்களால் உருமாறும் அபாயம் மிகுந்திருந்தது என அது கணித்தது. உயர்கல்வி பெறாதோர், எழுத்தறிவும் எண்ணறிவும் குறைந்தோர், குறைந்த ஊதியம் பெறுவோர் ஆகியோரிடையே இவ்வபாயம் கூடுதலாகக் காணப்பட்டது. பெற்றோரின் சொல்லை இவ்வாய்வு மெய்ப்பித்தது எனலாம்.

இதனிடையே செயற்கை நுண்ணறிவு வேகமாக வளர்ந்தது. அதன் முக்கிய ஆய்வு மையங்களுள் நம் மொன்றியலும் ஒன்று. பேராசிரியர் யொசுவா பெஞ்சியோ 1993இல் இங்கு தொடங்கிய ஆய்வுகூடமே இன்று 'மிலா' எனப் புகழ்பெற்றுள்ளது. மொன்றியல், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களை மையமாகக் கொண்டு இத்துறையை வளர்க்க, 2017இல் கனடா அரசு 125 மில்லியன் டொலர் ஒதுக்கியது. வளர்த்த அரசே அதன் விளைவையும் அளந்தறிய வேண்டியதாயிற்று.

அவ்வாறு 2024 செப்டெம்பரில் வெளிவந்த இரண்டாவது ஆய்வு, ஏறத்தாழ 60 சதவீதத்தினரின் வேலையைச் செயற்கை நுண்ணறிவு மாற்றக்கூடும் என்றது. இம்முறை கூடுதலாக இடம்பெற்றோர் உயர்கல்வி கற்றவர்களே! முந்திய இயந்திரங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை ஏற்றன. புதியதோ எழுதுகின்றது, மொழிபெயர்க்கின்றது, கணக்கையும் ஆராய்கின்றது.

அப்படியாயின் கல்வி வீணா? அன்று. வேலை மாறும் என்பது வேலை போகும் என்பதாகாது. அந்த 60 சதவீதத்தை ஆய்வாளர் இரண்டாகப் பிரித்தனர். வணிகம், நிதி, கணினித்துறை போன்றவற்றில் பலரை உள்ளடக்கிய 31 சதவீதத்தினரின் பணிகளை இயந்திரமே செய்துவிடக்கூடும். மருத்துவம், கல்வி முதலிய துறைகளில் பலரை உள்ளடக்கிய 29 சதவீதத்தினருக்கோ அது துணைக்கருவியாகவே அமையக்கூடும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? முகம்பார்த்துப் பேசுதலும், முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்றலும் பின்னைய தொழில்களின் உயிர்நாடியாகும்.

எனவே பட்டம் மட்டும் போதாது. வைத்தியசாலையில் தனித்திருக்கும் ஓர் அம்மம்மாவின் நோவை அவர் மொழியிலேயே கேட்டறிந்து, வைத்தியருக்குப் பிரெஞ்சில் எடுத்துரைத்து, அவர் கையைப் பற்றி ஆறுதல் கூறவல்ல தாதியை எண்ணிப் பாருங்கள். மொழிபெயர்ப்பை இயந்திரம் செய்யலாம். அந்த நம்பிக்கையை ஊட்டுபவர் மனிதரே.

விழா முடிந்து இல்லம் சென்றதும், "உங்கள் வேலையில் இயந்திரத்தால் செய்ய முடியாதது எது?" என்று தாய் தந்தையரிடம் கேளுங்கள். நீங்கள் கற்க வேண்டியது எதுவென அவர்களது விடை உணர்த்தும்.