சுமந்து வந்த நால்வர்

வேதபாடம்: மாற்கு 2:1-12



கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்தவர்கள் நாலுபேர் என்று மாற்கு எண்ணிக்கையோடு எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே சம்பவத்தை எழுதினாலும் எண்ணிக்கையைக் குறிப்பிடவில்லை. படுக்கைக்கு மூலை நான்கு. ஒருவர் குறைந்திருந்தால் நோயாளி சரிந்து விழுந்திருப்பான்.

நம் மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வேலை செய்ய, பக்கவாதத்தால் விழுந்த பெற்றோர் மாதக்கணக்காய்ப் படுக்கையில் இருப்பதைக் காண்கிறோம். மருந்தோடுகூட இவர்களுக்கு வேண்டியது கைகள். ஒரே பக்கமாய்க் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். இதைத் தடுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம்.

கணக்குப் பாருங்கள். 20 நோயாளிகள் உள்ள வார்டு. 12 மணி நேர இரவு டூட்டி. ஆளுக்கு 6 முறை, மொத்தம் 120 முறை. ஒருமுறைக்கு 5 நிமிடம் என்றால் 10 மணி நேரம். ஒரே சிஸ்டர் இருந்தால், மருந்து கொடுப்பது, துணி மாற்றுவது, தண்ணீர் புகட்டுவது எல்லாவற்றையும் மீதி 2 மணி நேரத்தில் முடிக்கவேண்டும். அவர் அன்பில் குறைந்தவரல்ல. ஆனாலும் ஏதோ ஒன்று விட்டுப்போகும். அது நோயாளியின் உடலில் புண்ணாகவும் காய்ச்சலாகவும் தெரியும்.

அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களைக் குறித்து 2001-ல் வெளியான அரசு ஆய்வு, ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு, நர்சுகளும் உதவியாளரும் சேர்ந்து, 4.1 மணி நேரப் பணி தேவை என்று கண்டது. 20 பேருக்கு 82 மணி நேரம். 8 மணி நேர டூட்டியானால் தினமும் பத்துப்பேருக்கு மேல் வேண்டும்.

1922-ல் எவரெஸ்ட் பயணம் முடித்து நெய்யூருக்கு வந்த டாக்டர் சோமர்வெல், காத்திருந்த திரளான நோயாளிகளுக்கு ஒரே ஒரு அறுவை மருத்துவர் பாடுபடுவதைக் கண்டார். இங்கேயே ஊழியம் செய்யத் தீர்மானித்தார். அவர் தந்தது தம்முடைய இரண்டு கைகளை.

கட்டிலுக்கும் கட்டடத்துக்கும் நாம் உற்சாகமாய்க் கொடுக்கிறோம்; கல்வெட்டில் பெயர் இருக்கும். நர்சின் மாதச் சம்பளத்துக்குக் கல்வெட்டு இல்லை. சுமப்பவர் இல்லாமல் கட்டிலை மட்டும் கூட்டினால், இருக்கிற சிஸ்டர்மாரின் பாரமே கூடும்.

அந்த நால்வரின் பெயரும் வேதத்தில் இல்லை. ஆயினும் ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார்.

சிந்திக்க: என் காணிக்கை கட்டிலாக மட்டும் நிற்கிறதா, சுமக்கிற கையாகவும் இருக்கிறதா?