தலைநகர் போன பிறகும் இருக்கும் ஊர்

திருவெறும்பூர்

அன்புள்ள பேத்திக்கு,

பள்ளிக்கூடத்தில் மேற்கு ஆப்பிரிக்கத் தலைநகரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதியதாகச் சொன்னாய். இன்றைய கானாவை ஆண்ட ஆங்கிலேயர் 1877-இல் தலைநகரைக் கேப் கோஸ்ட்டிலிருந்து அக்ராவுக்கு மாற்றியது உனக்கு வியப்பாக இருந்ததாம். "நம்ம பக்கத்துல அப்படி ஊர் இருக்கா தாத்தா?" என்று கேட்டாய். இருக்கிறது கண்ணு. நீ இங்கே வரும்போதெல்லாம் பஸ்ஸில் கடந்துபோகிற உறையூர்தான் அது.

சங்க காலச் சோழருக்கு உறையூர் தலைநகர், காவிரிப்பூம்பட்டினம் துறைமுகம். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டபோது உள்ளே அடைபட்டுக் கிடந்தவன் நெடுங்கிள்ளி. இருவரும் ஒரே குடி. கோவூர் கிழார் என்ற புலவர் அங்கே போய், யார் தோற்றாலும் தோற்பது சோழர் குடிதான் என்று எடுத்துச் சொன்னார். வாள் உருவி நின்ற அரசர்களிடம் அப்படிப் பேச எவ்வளவு துணிவு வேண்டும்! புறநானூற்றில் அந்தப் பாட்டை நீ அவசியம் படிக்க வேண்டும்.

அரண்மனையைத் தேடிப் போனால் ஏமாந்துதான் வருவாய். பழைய நகரம் இன்றைய வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அடியில் கிடக்கிறது. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்தார்கள். தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. ரோமானிய வணிகத்தைக் காட்டும் மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது அந்தத் தொட்டிதான். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழி நூல், 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. அது உறையூரே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த ஊரில் இன்னமும் கைத்தறிச் சேலை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைந்துகொண்டே வருகிறார்கள். அரசர்களை இழந்தது பெரிய இழப்பென்று நான் நினைக்கவில்லை. தறி நின்றுபோனால் அதுதான் இழப்பு.

ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்ததும் சோழர் தலைநகர் அங்கே போயிற்று. பிறகு ராஜேந்திரன் காலத்தில் கங்கைகொண்ட சோழபுரம். நம் வீட்டுக்கு முன்னால் ஓடும் தஞ்சாவூர் ரோடு எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கிறது என்று இப்போது யோசித்துப் பார். குன்றின் மேலிருக்கும் நம் எறும்பீசுவரர் கோயிலும் முற்காலச் சோழர் காலக் கற்கோயில்தான். படியேறும்போது சுவரிலுள்ள கல்வெட்டு எழுத்துகளைத் தடவாமல், நின்று பார்.

தலைமை போன பிறகும் உறையூர் ஓயவில்லை. பின்னாளில் சுருட்டுக்குப் பேர் போனது. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே சாம்பலைப் பார்த்துத் திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். திருப்பாணாழ்வார் பிறந்ததும் உறையூரில்தான். அங்கே நாச்சியார் கோயிலில் இருக்கும் கமலவல்லி, சோழ மன்னனின் மகளாக வளர்ந்தவள் என்பது ஐதிகம். பங்குனி ஆயில்யத்தன்று ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் தன் தேவியான அவளோடு சேர்ந்து காட்சி தரும் சேர்த்திக்காக உறையூருக்கு எழுந்தருள்கிறார். சோழர் யாரும் இல்லை. மாப்பிள்ளை மட்டும் வருஷம் தவறாமல் வருகிறார்!

இந்தப் பங்குனிக்கு லீவு கிடைத்தால் வா, சேர்த்தி பார்த்துவிட்டு அப்படியே தறி ஓடும் ஒரு வீட்டுக்கும் போவோம். நோட்டும் பேனாவும் எடுத்து வா. தறியின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், சாயம் எங்கிருந்து வருகிறது, ஒரு சேலைக்கு எத்தனை நாள் ஆகிறது, கூலி என்ன என்று நீயே கேட்டு எழுது. உன் அடுத்த கட்டுரை உறையூரைப் பற்றியதாக இருக்கட்டும்.

அன்புடன்,
தாத்தா